புக்கிட் காதில் காடும் எட்டாவது பழமும்

நான் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் மலை ஏறியிருக்கிறேன். எங்கள் தாமான் குடியிருப்பில் உள்ள பெண்கள் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கால்சட்டையும் புதுச் சப்பாத்துமாகக் கிளம்பி ஏதோ ஒரு காட்டைச் சுற்றிவிட்டு, ரொட்டிச் சானாய்க் கடையில் உட்கார்ந்து, காட்டில் இழந்ததைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். "நீங்க இந்த மாதிரி போயிருக்கீங்களாம்மா?" என்று ஒருத்தி கேட்டாள். போயிருக்கிறேன் என்றேன். உடனே நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நாலு பேர் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது யாரும் நம் முகத்தைப் பார்ப்பதில்லை. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நாலாம் வகுப்பு வரைதான் படித்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது ஜப்பான்காரன் காலம். ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து மலாக்காவுக்கு வந்தேன். பக்கத்து மாநிலம்தானே என்று நினைக்க வேண்டாம். பாஸ் வாங்க வேண்டும், வழியெல்லாம் காவல் சாவடி, ஒவ்வொரு சாவடியிலும் இறங்கி இடுப்பை வளைத்துக் கும்பிட வேண்டும். எனக்கு அது வெளிநாட்டுப் பயணம்தான். மலாக்கா வந்து சேர்ந்தபோது கால் வலிக்கவில்லை, இடுப்புதான் வலித்தது.

முன்பெல்லாம் தம்பினிலிருந்து மலாக்காவுக்கு ரயில் ஓடுமாம். நான் வந்தபோது ரயிலும் இல்லை, தண்டவாளமும் இல்லை. பெயர்த்தெடுத்து, சயாமில் ஜப்பான்காரன் போட்ட புது ரயில் பாதைக்கு அனுப்பிவிட்டார்கள். மற்ற ஊர்களில் தண்டவாளத்தின் மேல் மனிதர்கள் பயணம் போவார்கள். மலாக்காவில் தண்டவாளமே பயணம் போயிருந்தது.

என் வீட்டுக்காரருக்குக் கிளேபாங் கடற்கரையில் மரப்படகு கட்டும் பட்டறையில் வேலை. பலகை அறுப்பார். அங்கே வேலை செய்கிறவர்களுக்குக் கையில் கட்டிக்கொள்ள ஒரு துணிப்பட்டை கொடுத்திருந்தார்கள். அது கையில் இருக்கும்வரை சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப் போக மாட்டார்கள். அவர் குளிக்கும்போதுகூட அதைக் கழற்றியதில்லை. தாலியை நான் கழற்றினாலும் கழற்றுவேன், அவர் அதைக் கழற்ற மாட்டார் என்ற நிலை.

காஜா பெராங்கில் ஓர் அறை கிடைத்தது. வீட்டுச் சொந்தக்காரி லெட்சுமி என்ற விதவை, மலாக்கா செட்டி. அவர்கள் இந்துக்கள், எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே பெண் கட்டியவர்களின் வழி வந்தவர்கள். நெற்றியில் பொட்டு, இடுப்பில் சாரோங், வாயில் மலாய். முதல் நாள் நான் தமிழில் பேசிக்கொண்டே போனேன். அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். பேசி முடித்த பிறகுதான் ஒரு சொல்லும் புரியவில்லை என்று தெரிந்தது. மாரியம்மனிடம் மட்டும் மனப்பாடமாக ரெண்டு வரி தமிழில் சொல்வார். சாமிக்குப் புரிந்தால் போதும் என்பது அவர் எண்ணம். அவருக்குத் தெரிந்த சில தமிழ்ச் சொற்களில் தங்கச்சி ஒன்று. "தங்காச்சி" என்று என்னைக் கூப்பிடுவார். நான் எல்லோரையும் போல மாக்சிக் என்றேன். மலாயில் சின்னம்மா மாதிரி. தோட்டத்தில் பொறுக்கிய மலாய் எனக்குக் கொஞ்சம் தெரியும். பேசத்தான் கூச்சம். கூச்சத்துக்கு எந்த மொழியாக இருந்தாலும் ஒன்றுதான்.

இரண்டாம் நாள் ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையாரைப் பார்க்கக் கூட்டிப்போனார். ஒரே தெருவில் கோவிலும் பள்ளிவாசலும். தோட்டத்தில் இரண்டு சாமிக்கு நடுவில் குறைந்தது ஓர் ஓடையாவது ஓடும். இங்கே நெருக்கியடித்துக்கொண்டு நல்லபடியாகத்தான் இருந்தார்கள். திரும்பி வந்து மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்டோம். காலையில் அவித்த கிழங்கு, மத்தியானம் துருவிய கிழங்கு, ராத்திரி சிவப்புப் பனை எண்ணெயில் வாட்டிய கிழங்கு. விருந்தாளி வந்தால் அதே கிழங்கு, நல்ல தட்டில்.

மூன்றாம் நாள் அந்த விருந்தாளி வந்தார். மாக்சிக்கின் புருஷனுக்கு அண்ணன், நாகப்பன். மாக்சிக்கும் அவரை அபாங், அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார். குடும்பத்தில் அவர்தான் பெரியவர். நான் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். அவர்கள் பேசியது முழுக்கக் காதில் விழுந்தது.

செட்டிகள் வருஷத்தில் இரண்டு தடவை இறந்தவர்களுக்குப் படைப்பார்கள். பார்ச்சு என்று பெயர். வருஷ நடுவில் வருவது பழப் பார்ச்சு. இறந்த ஒவ்வொருவருக்கும் ஓர் இலை போட்டு, சோறு கறியோடு பழங்களும் வைத்து, அறையைச் சாத்திவிட்டு வெளியே காத்திருப்பார்கள். உள்ளே அவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் உயிரோடிருப்பவர்களுக்குச் சாப்பாடு. நாகப்பன் வீட்டு முறைப்படி ஒவ்வொரு இலையிலும் கட்டாயம் ஒரு பாச்சாங் பழம் இருக்க வேண்டும். பாச்சாங் என்பது மாம்பழத்துக்குக் காட்டில் வளர்ந்த தம்பி. வாசனை இரண்டு வீடு தள்ளி இருப்பவரையும் கூப்பிடும். அது இல்லாத இலையை இலையென்றே சேர்க்க மாட்டார்கள்.

"வழக்கமா ஏழு இலை. இந்த வருஷம் எட்டு," என்றார் நாகப்பன்.



எட்டாவது, மாக்சிக்கின் ஒரே மகன் ஆறுமுகத்துக்கு. தண்டவாளம் போன அதே சமயத்தில் அவனையும் சயாமுக்கு ஏற்றிப் போனார்கள். ஒரு வருஷத்துக்கு மேலாகியும் சேதி இல்லை. அங்கிருந்து தப்பி வந்த ஒருவன், பாதிப் பேர் காலராவில் போய்விட்டார்கள் என்று சொல்லியிருந்தான். எந்தப் பாதி என்று அவனுக்குத் தெரியவில்லை.

"செத்திருந்து இலை இல்லேன்னா, பசியோட வாசல்லயே நிப்பான்," என்றார் நாகப்பன்.

"உயிரோட இருந்து நாம இலை போட்டுட்டா?"

அவர் நாற்காலியை நகர்த்தி எழும் சத்தம் கேட்டது. "எட்டுப் பழம் கொண்டா. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

அவர் போன பிறகு மாக்சிக் கிணற்றடிக்கு வந்து என் கையிலிருந்த துணியை வாங்கிப் பிழிந்தார். "மரம் ஏழு குடுத்தா ஏழு இலை. எட்டு குடுத்தா எட்டு. மரமே சொல்லட்டும். நான் பொய் சொல்ல மாட்டேன், தங்காச்சி. பெரியவங்களுக்கு வைக்கிற விஷயம்." பிறகு, "நாளைக்கு நீயும் வா. தனியாப் போனா என் கண்ணு நாலு பழத்துக்கு மேல பாக்காது," என்றார்.

ஊரில் இருந்த பழ மரங்களையெல்லாம், காய் மரத்தில் இருக்கும்போதே, ஜப்பான் முகாமுக்கு என்று கணக்கெடுத்துவிட்டார்கள். அதனால் புக்கிட் காதில் என்ற ஊருக்குப் போகும் வழியில் ஊரோடு ஒட்டியிருந்த பாதுகாப்புக் காட்டுக்குத்தான் போக வேண்டியிருந்தது. என் ஒரே மலையேற்றம் இப்படி அமைந்தது. எட்டாவது பழம் கிடைக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு பழம் தேடப் போனோம்.

மத்தியானம் கிளம்பினோம். மத்தியானம் என்பதும் பேச்சுக்குத்தான். ஜப்பான்காரன் நம் கடிகாரத்தையெல்லாம் தன் ஊர் நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்தான். கடிகாரத்தில் உச்சிவேளை வரும்போது வானத்தில் சூரியன் அப்போதுதான் சோம்பல் முறித்துக்கொண்டு மேலே வந்துகொண்டிருக்கும்.

கிழங்கு ஏற்றப் போகும் ஒரு மாட்டு வண்டியில் ஏறிக்கொண்டோம். வண்டிக்காரர் மாரிமுத்து நம் ஆள். என் தமிழைக் கேட்டதும் கயிற்றைத் தளர்த்திவிட்டுப் பேச உட்கார்ந்துவிட்டார்.

"காட்டுக்கா? என்னாத்துக்கு தங்கச்சி? விறகா?"

"பழத்துக்கு."

"புலி இருக்குன்னு சொல்லுவாங்க. நான் பாத்ததில்ல. பாத்திருந்தா இப்ப உன்கிட்ட சொல்லிக்கிட்டு இருக்க மாட்டேன்."

மாக்சிக் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மலாயில் மாற்றிச் சொல்லவில்லை. ஒருத்தி பயந்தால் போதும்.

பாதி வழியில் மாடு நின்றது. பிறகு உட்கார்ந்தது. பிறகு, இனி பேச்சே இல்லை என்பது போலத் தலையையும் தரையில் வைத்துக்கொண்டது. மாரிமுத்து கோபப்படவில்லை. "அதுக்குத் தோக்கியோ நேரம் பழக்கமில்ல. பழைய பன்னெண்டு மணி அடிச்சா படுத்துக்கும். வெள்ளைக்காரன் காலத்து மாடு," என்றார். ஊரிலேயே ஜப்பான்காரன் சொல் கேட்காத ஒரே ஜீவன் அதுதான். அடித்து எழுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. நாங்கள் இறங்கி நடந்தோம்.

காட்டு முகப்பில் பலகை ஒன்று இருந்தது. வெள்ளைக்காரன் எழுதியதை அழித்துவிட்டு மேலே ஜப்பான் எழுத்தில் என்னவோ எழுதியிருந்தார்கள். பலகைக்கடியில் மலாய்க்காரக் காவலாளி ஒருவர் குந்தியிருந்தார். உள்ளே போகலாமா என்று மாக்சிக் கேட்டார்.

"போகக் கூடாதுன்னு போட்டிருக்கலாம். போகலாம்னும் போட்டிருக்கலாம்," என்றார் அவர். "எனக்குப் படிக்கத் தெரியாது. அதனால நான் யாரையும் பிடிக்கிறதில்ல." பாச்சாங் மரம் எந்தப் பக்கம் என்று கையைக் காட்டிவிட்டு, "மேல ஒரு ஜப்பான் துவான் இருக்காரு. வலையை வச்சு வண்ணாத்திப்பூச்சி பிடிக்கிறாரு. பாத்தா குனிஞ்சிடுங்க," என்றார்.

இனி மலையேற்றத்தைப் பற்றி. தோட்டத்தில் பிறந்தவளுக்குக் காடு புதிதா என்று கேட்பீர்கள். தோட்டத்தில் மரங்கள் வரிசையில் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரே இடைவெளி, ஒரே பக்கத்தில் வெட்டு, ஒரே உயரத்தில் கோப்பை. எங்கே நின்று பார்த்தாலும் அடுத்த வரிசை தெரியும். இந்தக் காட்டில் மரங்களுக்கு யாரும் ஒன்றும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்துகொண்டு, கொடியை மாட்டிக்கொண்டு, ஒன்றின் இடுப்பில் இன்னொன்று முளைத்துக்கொண்டு நின்றன. நான் பழக்க தோஷத்தில் ஒவ்வொரு மரத்திலும் பால் வெட்டைத் தேடினேன். வெட்டே இல்லாத மரங்களுக்கு நடுவில் நடப்பது, வேலை நாளில் வேலைக்குப் போகாமல் ஊர் சுற்றுவது மாதிரி குற்றமாக இருந்தது.

செருப்பு இல்லை. அட்டைகள் இருந்தன. அரிசி சாப்பிடாத எங்கள் ரத்தத்தில் அவற்றுக்கு என்ன கிடைத்ததோ தெரியாது, ஆனாலும் குறை சொல்லாமல் குடித்தன. மாக்சிக் சாரோங்கை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தார். ஐம்பது வயதுக்காரர் மூச்சு வாங்காமல் ஏற, இருபது வயதுக்காரி வேருக்கு வேர் உட்கார்ந்து எழுந்தேன்.

"தோட்டத்துல நீங்க மேடு ஏறுறதே இல்லையா?" என்றார்.

"ஏறுவோம். படி வெட்டி வச்சிருப்பாங்க."

"படி வெட்டினா அது மேடு இல்ல. வீடு."

பாச்சாங் மரம் உச்சிக்குக் கொஞ்சம் கீழே நின்றது. கண்ணுக்கு முன்னால் மூக்கு கண்டுபிடித்துவிட்டது. அடியில் நிறையப் பழம் விழுந்திருந்தது. எங்களுக்கு முன்னால் அணிலும் மரநாயும் பார்ச்சு கொண்டாடியிருந்தன. முழுசாக இருந்ததைப் பொறுக்கினோம். மாக்சிக் கூடையில் வாழைச்சருகு விரித்து ஒவ்வொன்றாக வைத்தார். ஐந்து. ஆறு. வெகு நேரம் கழித்து ஏழு. அதற்குப் பிறகு கிடைத்ததெல்லாம் கொறித்தது, அழுகியது. மாக்சிக் மரத்தை ஒரு முறை சுற்றி வந்தார். இன்னொரு முறையும் சுற்றினார். பிறகு வேரில் உட்கார்ந்து, வந்ததிலிருந்து முதல் தடவையாக மூச்சு வாங்கினார். முகம் அப்போதுதான் கழுவிய மாதிரி தெளிந்திருந்தது.

"ஏழு," என்றார் என்னிடம். "மரம் சொல்லிடுச்சு."

அங்கேயே நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் புதிதாக ஒரு வேலையில் இறங்கியவளுக்குக் கை ஓயாது. தேடுவதில் எனக்கு ருசி பிடித்துவிட்டது. ஒரு காட்டு ஈச்சம் புதருக்குள் மஞ்சளாக என்னவோ தெரிந்தது. முள் கீறக் கீறக் கையை விட்டு எடுத்தேன். ஒரு கீறலும் இல்லாத பெரிய பழம், ஏழையும்விட அழகு. "மாக்சிக், எட்டு," என்று கத்திக்கொண்டே ஓடிவந்து கூடையில் வைத்தேன். வைத்த பிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது.

அவர் என்னைத் திட்டவில்லை. பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூக்கிப் போட்டுடலாம் மாக்சிக். யாருக்குத் தெரியும்?"

"கூடையில வச்சாச்சு. வச்சது அவங்களுடையது. தூக்கிப் போடக் கூடாது."

"அப்ப நான் சாப்பிட்டுடறேன்."

"நீ என் கூரைக்குக் கீழ படுக்கிறவ. நீயும் வீட்டு ஆள்தான். படைக்கிறதுக்கு முன்னாடி வீட்டு ஆள் வாயில வைக்கக் கூடாது." அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நீ என்ன பண்ணுவ. மரம் ஒளிச்சு வச்சிருந்திருக்கு."

இறங்கத் தொடங்கினோம். ஏறும்போது முன்னால் போனவர் இப்போது பின்னால் வந்தார். கூடையை நான் சுமக்கிறேன் என்றேன், தரவில்லை.

வளைவில் அந்தத் துவான் எதிரே வந்தார். ஒல்லியான ஜப்பான் அதிகாரி, மூக்குக்கண்ணாடி, கணுக்காலிலிருந்து முழங்கால் வரை துணி சுற்றிய கால், இடுப்பில் வாள், கையில் வலை. அந்தக் காட்டில் நடப்பதற்காகவே நடந்துகொண்டிருந்த ஒரே மனிதர் அவர்தான். இன்றைக்கு என் தாமான் பெண்களைப் பார்த்தால் எனக்கு அவர் ஞாபகம்தான் வருகிறது. அவர்களிடம் இதைச் சொன்னதில்லை. நாங்கள் பாதையோரம் ஒதுங்கிக் குனிந்தோம். அவர் தலையை அசைத்துவிட்டு ஒரு பூச்சியைப் பார்த்தபடி போய்விட்டார். அதுவரை இவ்வளவு நல்லபடியாக எந்த ஜப்பான்காரனும் எங்களைத் தாண்டிப் போனதில்லை.

நான் நிமிர்ந்தபோது மாக்சிக் பக்கத்தில் இல்லை.

"துவான்," என்று கூப்பிட்டுக்கொண்டே அவர் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார். ஒரு கையில் கூடை. இன்னொரு கையில் பாக்கு வெட்டும் சின்னக் கத்தி.

கத்தியோடு பின்னால் ஓடிவருகிற பெண்ணை அந்தக் காலத்து அதிகாரி எப்படிப் பார்ப்பார் என்று நான் விளக்க வேண்டியதில்லை. வலை கீழே விழுந்தது. கை வாள் பிடிக்குப் போனது. நான் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மாக்சிக் அவர் காலடியில் முழங்கால் போட்டு, எட்டாவது பழத்தை எடுத்துச் சீவ ஆரம்பித்தார். பாச்சாங் தோலைத் தடிப்பாகச் சீவ வேண்டும்; தோலிலுள்ள பால் பட்டால் உதடு வெந்துவிடும். அவர் கொஞ்சமும் தோல் தங்காமல், நிதானமாக, சுற்றிச் சுற்றிச் சீவினார். மகன் பங்கு அல்லவா.

இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினார். அதிகாரி வாங்கவில்லை. நீ முதலில் தின்னு என்று விரலால் காட்டினார்.

மாக்சிக் மாட்டேன் என்று தலையாட்டினார். விஷம் வைத்தவள் ஆட்டுவது போலவே இருந்தது. அதிகாரியின் விரல் என் பக்கம் திரும்பியது. மாக்சிக் அதற்கும் தலையாட்டினார். பிறகு பொய் சொல்லத் தெரியாத அந்த மனுஷி உள்ளதைச் சொன்னார்:

"இது செத்தவங்களுக்கு எடுத்தது, துவான். நாங்க தின்னக் கூடாது. நீங்க தின்னுங்க."

நல்ல வேளையாக, நல்லது, வா, போ, சீக்கிரம் என்பதற்கு மேல் அந்தத் துவானுக்கு மலாய் தெரியவில்லை. அவர் மாக்சிக்கின் முகத்தையும் பொட்டையும் ஏந்திய கையையும் மாறி மாறிப் பார்த்தார். வெயிலோ, வாசனையோ, எது ஜெயித்ததோ. வாங்கி ஒரு கடி கடித்தார். "பாகுஸ்," என்றார். நல்லது என்று அர்த்தம். சாறு முழங்கை வரை வழிய, நார் பல்லில் மாட்ட, கொட்டை வரைக்கும் தின்றார். மாக்சிக் ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டிருந்தார். கொட்டையில் ஒட்டியிருந்ததைக் காட்டி, அதையும் சப்பச் சொல்லிக் கை காட்டினார். ஜப்பான் ராணுவத்துக்கு உத்தரவு போட்ட மலாக்காக்காரி வேறு யாரும் இருந்திருக்க மாட்டார். அதிகாரி சப்பினார்.

பிறகு இன்னொன்றுக்குக் கூடையைக் காட்டினார்.

மாக்சிக் கூடை மேல் துணியை இழுத்து மூடிவிட்டு எழுந்து குனிந்தார். நானும் எழுந்து குனிந்தேன். மாக்சிக் நிமிரவே இல்லை. அவ்வளவு ஆழமான மரியாதைக்கு அந்த அதிகாரியும் வேறு வழியில்லாமல் லேசாகக் குனிந்தார். குனிந்து முடித்த பிறகு யாரும் பழம் கேட்க முடியாது போலிருக்கிறது. வலையை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டார்.

இறங்கும் வழியில் மாக்சிக் முன்னால் நடந்தார். கூடையை என்னிடம் கொடுத்துவிட்டார்.

மறுநாள் நாகப்பன் வீட்டில் பார்ச்சு. கறிக்குப் பதில் கிழங்கு, மீனுக்குப் பதில் கருவாட்டுத் துண்டு, பலகாரத்துக்குப் பதிலும் கிழங்கு. இறந்தவர்களும் காலத்துக்குத் தகுந்தபடி அனுசரிக்க வேண்டியிருந்தது. நாகப்பன் இலையெல்லாம் தானே நறுக்கித் துடைத்து வைத்திருந்தார். எட்டு இலை. கூடையைத் திறந்து பார்த்தார்.

"எட்டு சொன்னேனே."

"எட்டு இருந்துச்சு அபாங். ஒண்ணை ஜப்பான் தின்னுடுச்சு."

அந்தக் காலத்தில் எது காணாமல் போனாலும் இந்தப் பதிலுக்கு மேல் கேள்வி கிடையாது. சைக்கிள், கோழி, ரேடியோ, மகன், எல்லாவற்றுக்கும் இதுதான். ஆனாலும் நாகப்பன் என் பக்கம் திரும்பினார். அந்த வீட்டு ஆண்கள் முன்னால் நான் அதுவரை வாய் திறந்ததில்லை.

"தங்காச்சி, நீ கூட இருந்தியா? ஜப்பான் தின்னதா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாலு பேர் அல்ல, பத்துப் பன்னிரண்டு பேர். மாக்சிக் என்னைப் பார்க்கவில்லை. ஒரு பழத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தின்னாரு," என்றேன். "கொட்டை வரைக்கும்."

நாகப்பன் அந்த எட்டாவது இலையைக் கையில் எடுத்தார். பிறகு அதை நாலாக மடித்தார், மேலும் மடித்தார், சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார். ஏழு இலை போட்டு, சாம்பிராணி காட்டி, இறந்தவர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கூப்பிட்டார். எல்லாப் பெயரும் முடிந்த பிறகு, அறையைப் பார்த்துச் சொன்னார்: "ஆறுமுகத்தைக் கேக்காதீங்க. அவன் பங்கு இங்க இல்ல. ஜப்பான்காரன் தின்னுட்டான். எங்களால ஒண்ணும் பண்ண முடியல."

கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தோம். உள்ளே அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பேசக் கூடாது. நாகப்பன் மட்டும் மாக்சிக் பக்கத்தில் வந்து குந்தி, தரையைப் பார்த்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்.

"எந்தக் காடு?"

"புக்கிட் காதில் போற வழி."

அவர் தலையாட்டினார்.

"அடுத்த வருஷமும் அங்கேயே போ," என்றார்.